பச்சைக் காபியும் நம் சர்க்கரையும்

ஆலுவாவுக்கு வந்து எத்தனை வருடமானாலும் நம் தமிழ்க் குடும்பங்கள் விடாமல் வைத்திருக்கும் பழக்கம் காலை பில்டர் காபி. வாசலில் இறங்கினால் சாயாக் கடைதான். ஆனாலும் வீட்டில் டிகாக்ஷன் இறங்காமல் நமக்குப் பொழுது விடிவதில்லை. அந்தப் பலவீனத்தைத் தெரிந்துகொண்டோ என்னவோ, இப்போது "பச்சைக் காபி" நம்மைத் தேடி வந்திருக்கிறது. பொடியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. உடம்பு இளைக்கும், கொழுப்பு கரையும், சர்க்கரை இறங்கும் என்று விளம்பரம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்புவதும் உண்டு. "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி விடலாமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. கேரளத்தில் அது 25.5 சதவீதம்.

பச்சைக் காபி புதிய மூலிகை எதுவும் அல்ல. நம் பாட்டிமார் வாணலியில் வறுத்துக் கை மெஷினில் அரைத்த அதே கொட்டைதான், வறுக்காதது. அதில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருள் நிறைய இருக்கிறது. வறுக்க வறுக்க அது குறைந்துகொண்டே போகும். நமக்குப் பிடித்த வாசனை ஏறும். வயநாட்டில் அதிகம் விளையும் ரோபஸ்டாவில் அராபிகாவைவிட இந்த அமிலம் கூடுதல். குடலிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தை இது மட்டுப்படுத்தலாம் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம். சில சிறிய ஆய்வுகளில் ரத்த அழுத்தமும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஓரளவு குறைந்திருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் கொஞ்சம் பேரை வைத்துச் சில வாரங்களே நடந்தவை.

அப்படியானால் இத்தனை ஆரவாரம் எங்கிருந்து வந்தது? நம் பக்கத்து மாநிலத்திலிருந்துதான்! பெங்களூரில் 16 பேரை வைத்து 22 வாரம் ஒரு பரிசோதனை நடந்தது. அமெரிக்காவில் டெக்சாஸிலுள்ள அப்ளைடு ஃபுட் சயின்ஸஸ் என்ற கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. சராசரியாக 8 கிலோ எடை குறைந்ததாக 2012-இல் கட்டுரை வந்தது. அதே ஆண்டு டாக்டர் மெஹ்மெட் ஓஸ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பச்சைக் காபியைப் புகழ்ந்தார். விற்பனை பறந்தது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்தபோது சாயம் வெளுத்தது. ஆய்வை நடத்தியவர் எடைகளையும் பிற அளவுகளையும் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறார். யார் உண்மை மருந்து சாப்பிட்டார், யார் போலி மாத்திரை சாப்பிட்டார் என்பதையே குழப்பியிருக்கிறார் என்று ஆணையம் குற்றம் சாட்டியது. சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியைக் கூட்டும்படி அந்த 16 பேருக்கும் சொல்லியிருந்ததாம். பிறகு இளைக்காமல் என்ன செய்வார்கள்? 2014 செப்டம்பரில் கம்பெனி 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அடுத்த மாதமே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இவ்வளவு நடந்த பின்னும் அந்த 8 கிலோ கதை விளம்பரங்களில் தலைகாட்டுவதுதான் வேடிக்கை.

வறுத்த காபியைப் பற்றியும் நல்ல செய்தி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் 17,111 பேரைக் கவனித்து 2002-இல் வெளியான ஆய்வில், நிறையக் காபி குடித்தவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவாக இருந்தது. காபிதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதோடு, ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு அது மருந்தும் ஆகாது.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியது தம்ளரில் விழும் சர்க்கரையைத்தான். ஒரு தம்ளருக்கு இரண்டு டீஸ்பூன், நாளைக்கு மூன்று தம்ளர் என்றால் ஏறக்குறைய 30 கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாயசமும் பலகாரமும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. இங்குள்ளவர்கள் குடிக்கும் கட்டன் காபியை இனிப்பில்லாமல் பழகிக்கொண்டால் காசும் மிச்சம். வெல்லம் போட்டால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தத்துக்கு வெல்லமும் சர்க்கரைதான்.

பச்சைக் காபியிலும் காஃபின் உண்டு. தூக்கம் வராதவர்கள், படபடப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு அது ஏற்றதல்ல. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து; வெளியே எதுவும் தெரியாமலே சர்க்கரை ஏறி, கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதித்துவிடும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட நினைப்பவர்களும், ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களும், அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.