எறிகணக்கும் புக்கிட் பாஞ்சாங்கும்

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நெடுங்குன்று என்பது பொருள். 1942 பிப்ரவரி 10ஆம் நாள் இரவு ஜப்பானியரின் டாங்கிகள் இவ்வூர் வழியே புக்கிட் தீமா நோக்கிச் சென்றன. அவ்வேளை, அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் கிழக்கே, சாங்கியில் உள்ள ஜோகூர் பீரங்கித் தளத்தில் மூன்று 15 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. அவை கடலையே நோக்கி நின்றமையால் பயனற்றுப் போயின என்று இன்றும் பலர் கூறுவர். அஃது உண்மை அன்று. அவை நிலப்பக்கம் திருப்பப்பெற்று ஜோகூர் பாரு, தெங்கா, புக்கிட் தீமா ஆகிய திசைகளில் சுட்டன.

கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி எவ்வாறு சுடுவது? தினைப்புனத்தில் கவண் எறிந்த குறமகளுக்குக் கிளி கண்முன் இருந்தது, கைப்பழக்கமே போதுமாயிற்று. பீரங்கிக்காரருக்கோ கணக்கு வேண்டும். எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஆனால் அவர் கணக்கில் காற்று இல்லை. வினாடிக்கு 750 மீட்டர் வேகத்தில், 45 பாகை சாய்வில் புறப்படும் குண்டு, காற்றே இல்லையெனின் 57 கிலோமீட்டர் செல்லவேண்டும். 15 அங்குலப் பீரங்கியின் குண்டு அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. எஞ்சியதைக் காற்று விழுங்கிவிடுகிறது. இத்தடையின் பெருமையை முதன்முதல் அளந்து காட்டியவருள் தலையாயவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் மரக்கட்டையில் குண்டைப் பாய்ச்சி, கட்டை ஆடிய அளவிலிருந்து அதன் வேகத்தைக் கண்ட அவருடைய நூல் 1742இல் வெளிவந்தது.

தடையோ வேகத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பாதையைச் சிறுசிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். அம்முடிவுகளின் தொகுப்பே எறிபட்டியல். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் ஒரு பாதையைக் கணக்கிட, மேசைக் கணக்குப்பொறி கொண்டு ஒருவருக்கு ஏறத்தாழ 20 மணிநேரம் பிடித்தது. அப்பணிக்கென்றே எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி உருவாயிற்று. அது அதே வேலையை அரை நிமிடத்தில் முடித்தது. ஆனால் 1946இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது போர் முடிந்திருந்தது!

சாங்கிப் பீரங்கிகளின் குறை கணக்கில் இல்லை. 24 கிலோமீட்டர் அவற்றின் எல்லைக்கு உட்பட்டதே. ஆயினும் குண்டு அவ்வளவு தூரம் செல்ல ஏறத்தாழ முக்கால் நிமிடம் ஆகும். டாங்கியோ அதற்குள் இடம் மாறிவிடும். விழுந்த இடத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்ல ஆள் வேண்டும். மேலும், இருந்த குண்டுகளிற் பெரும்பாலானவை போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கச் செய்தவை. மென்மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்தே வெடிக்கும். தரைமேல் உள்ள படைக்கு ஊறு சிறிதே. பட்டியல் தூரத்தைச் சொல்லும். எந்தக் குண்டு தகுதியானது என்று சொல்லாது.

இன்று அதே கணக்கை இணையத்தில் எவரும் இலவசமாகச் செய்யலாம். அமெரிக்கா முதலிய நாடுகளில் துப்பாக்கிப் பயிற்சியாளர் பலர் பயன்பட்ட தோட்டாக்கூட்டை மீண்டும் நிரப்பி, அத்தோட்டாவின் போக்கை இக்கணிப்பான்களில் பார்க்கின்றனர். (சிங்கப்பூரில் உரிமம் இன்றித் தோட்டா வைத்திருத்தலே கடுங்குற்றம்.) கணிப்பான் கேட்பவை சில எண்களே: சன்னம் காற்றைக் கிழிக்கும் திறனைக் குறிக்கும் எண், புறப்படும் வேகம், வெப்பநிலை, காற்றழுத்தம். இவற்றுள் வேகமே இடறும் இடம். மருந்து விற்போர் வெளியிடும் வேகம் அவர்களுடைய சோதனைக் குழலில் அளந்தது. மற்றொரு துப்பாக்கியில் அது வேறுபடும். வேகமானி கொண்டு அவரவர் அளந்து இடவேண்டும். இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. எறிபாதைக் கணிப்பான் குழலை விட்டு நீங்கிய சன்னத்தைப் பற்றியது. குழலுக்குள் எழும் அழுத்தத்தை அது அறியாது. அதை நம்பி மருந்தின் அளவைக் கூட்டுபவர் துப்பாக்கியோடு தம் கையையும் இழக்க நேரும். மருந்தின் அளவுக்கு, செய்தவர் சோதித்து வெளியிட்ட பட்டியலே அளவு.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். புழுக்கமான காற்று கனமானது என்றே மாணவர் எண்ணுவர். நீராவி, காற்றின் பிற கூறுகளினும் இலேசானது. ஆதலின் ஈரக்காற்றே எடை குறைந்தது. வெப்பமும் அதை மெலிவிக்கும். கணிப்பான்களில் பொதுவாகக் கொள்ளப்படும் 15 பாகைக் காற்றைவிடப் புக்கிட் பாஞ்சாங்கின் 30 பாகைக் காற்று நூற்றுக்கு 5 பங்கு அடர்த்தி குறைந்தது. அதே சன்னம் இங்கே சற்றுத் தொலைவு கூடுதலாகவே செல்லும்.