மறுபடியும் ஓரியோவா? ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஒரே விடைகள் சுற்றிச் சுற்றி வருவது ஏன்?

மொபைலில் வேர்டில் ஆடிப் பழகி, அடுத்து நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்துப் பக்கம் போனவர்களுக்குச் சில வாரங்களிலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். 'நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட், 4 எழுத்து' என்று கேட்பார்கள். ஓரியோ. கொஞ்ச நாள் கழித்து, 'பாலில் முக்கிச் சாப்பிடுவது' என்பார்கள். மறுபடியும் ஓரியோ. 'தாஜ்மகால் இருக்கும் ஊர்' என்றால் ஆக்ரா, 'ஜான் லெனனின் மனைவி' என்றால் ஓனோ, 'பறக்கத் தெரியாத ஆஸ்திரேலியப் பறவை' என்றால் ஈமு. கம்பெனிக்காரன் காசு கொடுத்து விளம்பரம் பண்ணுகிறானோ என்றுகூடத் தோன்றும். அதெல்லாம் இல்லை. காரணம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

சந்தை அடைக்கும் சில்லுக்கல்

ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21-ல் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் போட்ட புதிர்தான் இன்றைய குறுக்கெழுத்தின் ஆரம்பம். அது வைர வடிவில் இருந்தது. பிறகு அமெரிக்கப் பத்திரிகைகளில் கறாரான விதிகள் வந்தன. தினசரிப் புதிர் என்றால் 15-க்கு 15 கட்டம். தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டெழுத்து விடை கூடாது. முக்கியமான விதி இதுதான்: ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும், மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லிலும் பொருந்த வேண்டும்.

புதிர் அமைப்பவர் முதலில் நீளமான, சுவாரஸ்யமான விடைகளைப் பதித்துவிடுவார். மிச்சம் இருப்பதெல்லாம் மூன்று, நான்கு எழுத்துச் சந்துகள். கருங்கல் சுவர் கட்டும்போது பெரிய கல்லுக்கு நடுவில் சில்லுக்கல் செருகுவார்கள் இல்லையா, அதே வேலைதான். ஆங்கிலத்தில் உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்கள் எந்தச் சந்திலும் உட்காரும். ஓரியோவின் நான்கு எழுத்தில் மூன்று உயிர். கற்றாழையைக் குறிக்கும் 'அலோ', இசைக்கருவி 'ஓபோ', ஓபரா பாட்டு 'ஏரியா', அமெரிக்க - கனடா எல்லையில் இருக்கும் 'ஈரி' ஏரி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஓரியோ பிஸ்கட் 1912-ல் வந்தது, குறுக்கெழுத்து அடுத்த வருஷமே வந்தது. நல்ல ஜோடிப் பொருத்தம்!

இப்படித்தான் செத்துப்போன சொற்களுக்கும் உயிர் வந்தது. ஊசி வைக்கும் சின்னப் பெட்டிக்கு 'எட்வீ' என்று ஒரு பெயர் உண்டு. அதை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், கட்டத்தில் மட்டும் வரும். வாள்வீச்சு என்றால் பெரும்பாலும் 'எபே'தான், நாலில் மூன்று 'ஈ' இருக்கிறதே! நம்ம பவானி தேவி ஒலிம்பிக்கில் பிடித்தது 'சேபர்'. அது வேறு வாள்.

விடை அதேதான், குறிப்பு மாறும். நியூயார்க் டைம்ஸில் திங்கள் சுலபம், சனிக்கிழமை வந்தால் கண்ணைக் கட்டிவிடும். திங்களன்று 'வெயிலில் கருத்த தோலுக்குத் தடவுவது' என்று நேராகக் கேட்கப்படும் கற்றாழை, சனியன்று முகத்தை மூடிக்கொண்டு வரும். இதற்குச் சில ஒப்பந்தங்கள் உண்டு. குறிப்பு பன்மை என்றால் விடையும் பன்மை. குறிப்பில் சுருக்கெழுத்து இருந்தால் விடையும் சுருக்கம். கடைசியில் கேள்விக்குறி இருந்தால், ஏதோ சொல் விளையாட்டு நடக்கிறது, உஷார்.

'தி இந்து' ஆங்கில நாளிதழில் வருவது பிரிட்டிஷ் பாணி. அங்கே எல்லா எழுத்தும் குறுக்கே வெட்டாது, அதனால் சில்லுக்கல் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால், குட்டிச் சொற்கள் குறிப்புக்குள்ளே ஒளிந்திருக்கும். 'காதல்' என்றால் 'ஓ' என்ற எழுத்து (டென்னிஸில் 'லவ்' என்றால் பூஜ்யம்). 'தொழிலாளி' என்றால் எறும்போ தேனீயோ. 'டாக்டரின் இசைப் படைப்பு ஒரு துளி' என்று வந்தால், டாக்டருக்கு டி, ஆர். இசைப் படைப்பான 'ஓபஸ்' சுருங்கி ஓ, பி. சேர்த்தால் 'டிராப்', அதாவது துளி. இந்தச் சுருக்கங்களில் ஓர் ஐம்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

யாருடைய பொது அறிவு?

சிக்கல் பெயர்களில் வருகிறது. 'மெல் ஆட்' பழைய பேஸ்பால் வீரர். 'பாபி ஓர்' ஐஸ் ஹாக்கி வீரர். இருவரின் பெயரும் மூன்றே எழுத்து என்பதால் கட்டத்தில் நிரந்தர இடம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஆடுபவர் இவர்களை மனப்பாடம்தான் பண்ண வேண்டும். அமெரிக்கர்களே முழிப்பதும் உண்டு. பாஸ்டன் மாரத்தான் பாதையில் எட்டாவது மைலில் வரும் 'நேட்டிக்' என்ற ஊரும், என்.சி.வையத் என்ற ஓவியரின் பெயரும் ஒரே எழுத்தில் வெட்டிக்கொண்ட ஒரு புதிரைப் பார்த்து, ரெக்ஸ் பார்க்கர் என்ற புனைபெயரில் எழுதும் விமர்சகர் கடுப்பானார். ஊகிக்கவே முடியாத அப்படிப்பட்ட சந்திப்புக்கு இப்போது 'நேட்டிக்' என்றே பெயர்.

இன்னும் மோசமாகவும் நடந்திருக்கிறது. 2019 புத்தாண்டு அன்று நியூயார்க் டைம்ஸ் புதிரில் மெக்சிகோ வம்சாவளியினரை இழிவுபடுத்தும் சொல் ஒன்று விடையாக வந்தது. பேஸ்பால் அர்த்தத்தில்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் கடும் எதிர்ப்பு கிளம்பி, 1993 முதல் ஆசிரியராக இருக்கும் வில் ஷார்ட்ஸ் மன்னிப்புக் கேட்டார். எழுத்து கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகிவிட முடியாது.

நம்ம ஊர் எப்படி வருகிறது? ராணி, ராஜ், சாரி, ராகா, நான் ரொட்டி. பெரும்பாலும் மகாராஜா காலத்து போஸ்ட் கார்டு இந்தியாதான். 'தமிழ்' என்பதும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து விடையாக வரும், ஆனால் குறிப்பு பல நேரம் இலங்கை பக்கம் கை காட்டும். சென்னைக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தமிழ்க் குறுக்கெழுத்தில் ஓரியோ தொல்லை கிடையாது. ஒரு கட்டத்தில் 'கோ' என்று உயிரும் மெய்யும் சேர்ந்தே உட்கார்ந்துவிடுகின்றன. இங்கே தலைவலி புள்ளி வைத்த எழுத்து. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால், அந்தக் கட்டத்திலிருந்து கீழே புதுச் சொல்லை ஆரம்பிக்க வழியில்லை. நம் வார இதழ்ப் புதிர்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்றெல்லாம் போடுகிறார்களே, அது சும்மா குழப்புவதற்கு மட்டுமல்ல. திருப்பிப் போட்டால் அந்தப் புள்ளி எழுத்து சொல்லின் கடைசிக்குப் போய்விடும், கட்டமும் நிரம்பிவிடும்.