தூண்டில் நரம்பும் துடிக்கும் மின்சாரமும்

தூண்டில் போடுகிறவர்களுக்கு ஃபுளோரோகார்பன் நரம்பு தெரிந்திருக்கும். தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது என்று, நைலானைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். அது பாலிவினைலிடின் ஃபுளோரைடு, சுருக்கமாக பி.வி.டி.எஃப்., என்ற பிளாஸ்டிக். கைபேசி பேட்டரிக்குள் மின்முனைத் தூள் உதிராமல் பிடித்துவைக்கும் பசையாகவும் இது பயன்படுகிறது. இதற்கு இன்னொரு குணமும் உண்டு. பக்குவப்படுத்திவிட்டால், வளைக்கும்போதும் அதிரும்போதும் மின்சாரம் தரும்.

அழுத்தினால் மின்சாரம் என்பது பழைய கதை. 1880இல் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும் குவார்ட்ஸ் போன்ற படிகங்களில் அதைக் கண்டார்கள். பியேரின் வருங்கால மனைவி மேரி அப்போது பள்ளிச் சிறுமி. நம் கேஸ் லைட்டரிலும் அதே சங்கதிதான்: சிறு சுத்தியல் ஒன்று பீங்கான் துண்டைத் தட்ட, சில ஆயிரம் வோல்ட் பிறந்து பொறி பறக்கிறது. ஆனால் பீங்கானை வளைத்தால் உடைந்துவிடும். 1969இல் ஜப்பானின் ஹெய்ஜி கவாய், பி.வி.டி.எஃப். படலத்தை இழுத்து நீட்டி, சூடாக்கி, மின்புலத்தில் ஆறவிட்டால் அதுவும் அந்தப் படிகங்களைப் போல நடந்துகொள்ளும் என்று காட்டினார்.

எதற்காக இழுக்க வேண்டும்? இதன் மூலக்கூறு நீண்ட சங்கிலி. ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்ததில் இரண்டு ஃபுளோரின் என்று மாறி மாறி வரும். ஃபுளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அங்கே எதிர்மின் தன்மை. ஹைட்ரஜன் பக்கம் நேர்மின் தன்மை. சும்மா ஆறவிட்டால் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு எதிரும் புதிருமாக அடுக்கிக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இழுத்தால் முறுக்கு அவிழ்ந்து ஃபுளோரின் எல்லாம் ஒரு பக்கம் வந்துவிடும். மின்புலம் அவற்றை ஒரே திசை பார்க்க வைக்கும். அதன்பின் வளைக்கும்போதெல்லாம் சமநிலை குலைந்து, மேற்பரப்பில் மின்னூட்டம் தலைகாட்டும்.

இதையே படலத்துக்குப் பதிலாக நானோ இழையாக நூற்கும்போது, இழுப்பது, மின்புலத்தில் வைப்பது என்ற இந்த இரண்டு வேலையும் பெரும்பாலும் ஒரே வீச்சில் நடந்துவிடுகின்றன. கரைசலை ஊசிக்குழலில் ஏற்றி, எதிரே உலோகத் தகடு வைத்து, இடையே 10,000 அல்லது 20,000 வோல்ட் கொடுப்பார்கள். ஊசிமுனைத் துளி கூம்பாக நீளும். கூம்பின் நுனியிலிருந்து மெல்லிய தாரை பாய்ந்து, சாட்டைபோலச் சுழன்று, போகிற வழியிலேயே உலர்ந்து தகட்டில் இழையாகப் படியும். தடிமன் சில நூறு நானோமீட்டர். தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லிவெய் லின் குழுவினர் இத்தகைய ஒற்றை இழையை வளைத்து 5 முதல் 30 மில்லிவோல்ட் வரை எடுத்தார்கள்.

உடனே ‘நடந்தாலே போன் சார்ஜ் ஆகும்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உங்கள் சட்டையில் தைத்த இழைத்துணி இடைவிடாமல் 10 மைக்ரோவாட் தருவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 15 வாட்-மணி கொள்ளளவுள்ள போன் பேட்டரி நிரம்ப ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகும். பேரன் பேத்திதான் பேச முடியும்.

ஆனால் அதே 10 மைக்ரோவாட், இதயத்தில் பொருத்தும் பேஸ்மேக்கருக்குப் பெரிய தொகை. பாலத்தின் அடியில் ஒட்டிய உணரி, பாலத்தின் நடுக்கத்தையே சொட்டுச் சொட்டாகக் கெபாசிட்டரில் சேர்த்து, அவ்வப்போது ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த இழையின் காது. வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் மரத்தின் அதிர்வை மின்சாரமாக்கித்தானே நாதத்தைப் பிடிக்கிறது? 2013இல் லுவானா பெர்சானோ, ஜான் ராஜர்ஸ் உள்ளிட்டோர், பி.வி.டி.எஃப். குடும்பத்து இழைகளை வரிசையாக அடுக்கிச் செய்த விரிப்பு 0.1 பாஸ்கல் அழுத்தத்தையும் உணர்ந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 கிராம் எடையைச் சீராகப் பரப்பினால் எவ்வளவோ, அவ்வளவு! நாடித் துடிப்பு இதற்கு மத்தளம்.

குறை இல்லாமலில்லை. கரைசலுக்குப் பெரும்பாலும் பயன்படும் டைமெத்தில்ஃபார்மமைடு கல்லீரலுக்குக் கெடுதல். ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் எளிதில் மக்காது. அதனால் சிலர் பாலிலாக்டிக் அமிலத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எலும்பை இணைத்துவிட்டு உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் திருகாணிகள் செய்யும் பொருள் அது. மின்சாரம் பி.வி.டி.எஃப். அளவுக்கு வராது. ஆனால் இதை மின்புலத்தில் வைத்து ஆறவிட வேண்டியதில்லை, இழுத்தாலே போதும்.