பந்தி விசாரணையும் மானியப் பணமும்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பங்களில் 'பாடு' என்னும் பழைய ஒழுங்கு ஒன்று நிலவிவருகிறது. மீன்வளம் மிக்க நீர்ப்பகுதிகளை வலியோர் சிலர் தமதாக்கிக்கொள்ளாதபடி, உரிமையுள்ளோர் சீட்டுப்போட்டு, முறைவைத்து அங்கே வலையிடுகின்றனர். ஒருவர் பெறும் பங்கு பிறர் தயவினால் வருவதன்று; ஊர் ஒழுங்கினால் வருவது. எனினும் அவ்வுரிமை குறிப்பிட்ட சமுதாயத்து ஆண்களுக்கே உரியது. நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களும் இருளர் மக்களும் அதற்குப் புறம்பானவர்கள். பங்கீடு எவ்வளவு நேர்மையாக நடப்பினும், பட்டியலில் பெயரில்லாதவருக்கு அதனால் பயனில்லை.

மாற்றுத்திறனாளிகளைச் சமுதாய வாழ்வில் இணைக்கும் திட்டங்களுக்கென வரும் மானியங்களையும் இவ்வுண்மையைக் கொண்டே நாம் ஆராயவேண்டும். இத்தகைய குப்பங்களில் மணற்பாதையும் படகுத்துறையும் நடக்க இயலாதவரை வீட்டோடு நிறுத்திவிடுகின்றன. மானியம் கிடைத்தவுடன் நம்மில் பலருடைய நினைவுக்கு முதலில் வருவது மூன்றுசக்கர வண்டிகளை வழங்கும் விழாவே. ஆனால் ஆழ்ந்த மணலில் வண்டி உருளாது. உப்புக்காற்றில் துருவும் ஏறும். வண்டியில் அமரவேண்டியவரிடம் முன்னரே கேட்டிருந்தால் அவரே இதைச் சொல்லியிருப்பார்.

ஆதித் திருச்சபை இதே சிக்கலை எதிர்கொண்டது. அன்றாடப் பகிர்வில் கிரேக்கமொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற்போயினர் (அப்போஸ்தலர் 6:1-6). அப்போஸ்தலர் பகிர்வை நிறுத்தவுமில்லை, முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவுமில்லை. பந்தி விசாரணைக்கென எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். ஆகவே அவர்கள் புறக்கணிக்கப்பட்ட தரப்பைச் சார்ந்தோராயிருக்கலாம் என வேத வியாக்கியானிகள் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், குறைபட்டோருக்குக் கூடுதல் பங்கு அளிப்பதோடு சபை நின்றுவிடவில்லை. பங்கிடும் பொறுப்பையே அவர்கள் கையில் ஒப்புவித்தது.

இன்றைய உலகச் சிந்தனையும் இத்திசையிலேயே செல்கிறது. 1978ஆம் ஆண்டு அல்மா அட்டா மாநாட்டிற்குப் பின்னர், உலகச் சுகாதார நிறுவனம் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுப் பணியை ஊக்குவித்தது. 2006ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, பன்னாட்டு உதவித் திட்டங்களும் அவர்களை உள்ளடக்கியவையாக அமையவேண்டும் என்று தன் 32ஆம் பிரிவில் விதிக்கிறது. இந்தியா 2007இல் அதனை ஏற்புறுதி செய்தது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, வறுமை ஒழிப்பு மற்றும் வளர்ச்சித் திட்டங்களில் நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோருக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடும் வழங்குகிறது. 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், ஊராட்சிகள் உள்ளிட்ட உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்யும் திருத்தங்களை நிறைவேற்றியது. ஊர்மன்றத்தில் இடமளிக்கச் சட்டம் முன்வந்திருக்கையில், சபையின் ஆலோசனைக் குழுவில் அவர்களுக்கு இடமில்லையெனில் நாம் வெட்கப்படவேண்டும்.

பணம் வரும் வழியோ குறுகிவிட்டது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுத்தல் ஆகாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முன்னர்ப் பெரிய நிறுவனங்களின் வாயிலாகச் சிறு ஊர்ச்சங்கங்கள் அயல்நாட்டு நிதி பெற்ற வழி இதனால் அடைபட்டது. பதிவு பெற்ற அமைப்பே நேரடியாகச் செலவிடவேண்டியிருப்பதால், முடிவெடுக்கும் அதிகாரம் குப்பத்திலிருந்து மேலும் விலகிச்செல்லும் அபாயம் உண்டு.

இந்நிலையில் போதகர்களும் இறையியல் மாணவரும் மூன்றினைக் கருதலாம். முதலாவது, விண்ணப்பம் எழுதுமுன் மாற்றுத்திறனாளிகளோடும் அவர்களைப் பேணும் தாய்மாரோடும் கூடி அமரவேண்டும். திட்டக்குழுவில் அவர்களுக்கு வாக்குரிமை வேண்டும். கணக்கும் அவர்கள்முன் வாசிக்கப்படவேண்டும். இரண்டாவது, சிறிய மானியத்தைச் சட்டம் தந்துள்ள உரிமைகளைப் பெற்றுத்தரவே முதலில் செலவிடவேண்டும். மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெறப் பயணச்செலவும் துணைக்கு ஓர் ஆளும் தேவை. அவை கிட்டினால், தகுதியுள்ளோர் அரசின் மாத உதவித்தொகை பெறவும் வழி பிறக்கும். மானியம் தீர்ந்த பின்னும் அது தொடரும். மூன்றாவது, மானியத்திற்குக் கால எல்லை உண்டு, குறைபாட்டிற்கு இல்லை. எனவே வலை செப்பனிடுதல், மீன் தரம்பிரித்தல் போன்ற கரைத்தொழில்களில் அவர்களுக்குரிய பங்கை ஊர்ப் பஞ்சாயத்தோடு பேசி உறுதிசெய்தல் நலம். பாடு முறையை வகுத்தறிந்த மக்களுக்குப் பங்கு என்பதன் பொருளை நாம் கற்பிக்கவேண்டியதில்லை. பட்டியலை விரிக்கும்படி வேண்டுவதே நம் பணி.

விருந்து செய்யும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைக்குமாறு நம் ஆண்டவர் கட்டளையிட்டார் (லூக்கா 14:13). அழைக்கப்பட்டவர் பந்தியில் அமர்கிறவர். வாசலில் நின்று வாங்கிச்செல்கிறவரல்லர். மானியக் கணக்கு முடிவடையும் நாளில் எத்தனை வண்டிகள் வழங்கினோம் என்று உதவியளித்தோர் கேட்பர். எத்தனை பேர் பந்தியில் அமர்ந்தனர், அவர்களுள் எத்தனை பேர் பரிமாறினர் என்பதே சபை தன்னைத்தான் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியாகும்.