மோடமும் இரைச்சலடக்கியும்

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எண்களையும் எழுத்துகளையும் கூட வானொலி வழியே அனுப்பலாம். கம்பி இழுக்க இயலாத ஆற்றங்கரையிலுள்ள நீர்மட்ட அளவி, மலைமேலுள்ள மழைமானி ஆகியவை தம் கணக்கை இவ்வாறு தெரிவிப்பதுண்டு. ஹாவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1971ஆம் ஆண்டிலேயே தலைமைக் கணிப்பொறியுடன் வானொலியால் தொடர்புகொள்ளும் முறையை நடத்திக் காட்டினர். அம்முறையில் எந்த நிலையமும் நினைத்தபோது பேசலாம். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். ஆகவே அலைவரிசையின் முழுத் திறனில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குக்குமேல் பயன்படாது.

இக்குறையைத் தவிர்க்கவே, பேசுமுன் கேள் என்னும் விதி வந்தது. கேட்கும் பொறுப்பு மோடத்தைச் சார்ந்தது. கணிப்பொறிக்கும் வானொலிப் பெட்டிக்கும் இடையே நிற்கும் கருவி அது. அமெச்சூர் வானொலியில் பெருவழக்கான முறையில், அது 1200, 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரு ஒலிகளை மாற்றி மாற்றி எழுப்பி நொடிக்கு 1200 பிட்டுகள் அனுப்புகிறது.

இனி இரைச்சலடக்கிக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஸ்குவெல்ச் என்பர். எவரும் பேசாதபோது எப்.எம். வாங்கியில் 'உஸ்' என்ற பேரிரைச்சல் எழும். குறிப்பிட்ட வலிமையுள்ள அலை வரும்வரை அவ்வொலியை அடைத்து வைப்பதே இதன் வேலை. மனிதச் செவிக்கு இது பேருதவி. மோடத்துக்கோ, அளவறிந்து வைக்காவிட்டால் இடையூறு.

குமிழை மிகுதியாக இறுக்கினால், தொலைவிலுள்ள நிலையத்தின் மெலிந்த குரல் கதவைத் திறக்காது. அலைவரிசை ஓய்ந்திருக்கிறது என்றெண்ணி மோடம் பேசத் தொடங்கும். இரு செய்திகளும் மோதிக் கெடும். மிகத் தளர்த்தினால் வேறொரு தொல்லை. சில மோடங்கள் ஒலி இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். அவை வெற்று இரைச்சலையும் பிறர் பேச்சென்று கொண்டு, தம் முறை வருமென்று காத்துக்கொண்டேயிருக்கும். வெள்ள நாளில் ஆற்றின் அளவு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

இன்னொன்று. கதவு திறக்கச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் செய்தியின் தலைப்பகுதி போய்விட்டால், எஞ்சியது பழுதின்றி வந்தாலும் பயனில்லை. சரிபார்ப்பு எண் பொருந்தாமல் முழுப் பொட்டலமும் தள்ளப்படும். ஆகவே அனுப்புவோர் தொடக்கத்தில் வெற்றொலியைச் சிறிது நேரம் விடுவர். கிஸ் என்னும் வழக்கில் இதற்கு முதலில் குறித்த அளவு 50. ஓர் அலகு ஒரு நொடியின் நூற்றிலொரு பங்காதலால், மொத்தம் அரை நொடி. அந்த அரை நொடியில் 75 எழுத்துகள் அனுப்பிவிடலாம்! நீர்மட்டச் செய்தியே அவ்வளவு நீளம் இராது.

ஆகவே, தகவல் ஒலியின் தாளத்தை இரைச்சலிலிருந்து பிரித்தறியும் மோடமானால் இரைச்சலடக்கியை முழுதும் திறந்து விடுவதே நலம் என்பது எம் கருத்து. ஒலியளவை மட்டும் பார்க்கும் மோடமானால், எவரும் பேசாத வேளையில் குமிழைத் திருப்பி, டி.சி.டி. விளக்கு அணையும் இடத்தைக் கண்டு, அதற்கு ஒரு மயிரிழை அப்பால் நிறுத்துக. இரைச்சல் எப்பொழுதும் ஒரே அளவில் இராது. பக்கத்து மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்க.

நிலை காட்டும் விளக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவின் டூசான் நகர அமெச்சூர்கள் 1985இல் வெளியிட்ட டி.என்.சி.-2 கருவியில், டி.சி.டி. என்பது பிறர் பேசுவதையும், பி.டி.டி. நாம் பேசுவதையும், எஸ்.டி.ஏ. நம் செய்திக்கு இன்னும் ஒப்புகை வரவில்லை என்பதையும் காட்டும். டி.சி.டி. அணையாமலே எரிந்தால் குமிழ் தளர்ந்திருக்கிறது. பி.டி.டி. மீண்டும் மீண்டும் மின்ன, எஸ்.டி.ஏ. அணையாதிருந்தால், எதிரியின் பதிலுக்கு நாமே கதவடைத்திருக்கலாம். குமிழைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கவேண்டும்.

மலைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள இரு நிலையங்கள் ஒன்றையொன்று கேட்கவே இயலாது. அங்கே எந்தக் குமிழும் உதவாது. இரண்டும் கேட்கும்படி, உச்சியில் ஓர் மறுஒலிபரப்பு நிலையம் வைக்க வேண்டியதுதான்.