டீச்சரே சாஃப்ட்வேர் செய்த காலம்!

பாடம் சொல்லித்தர இன்று ஆயிரம் ஆப்கள் இருக்கின்றன. எல்லாம் யாரோ செய்துவைத்தவை. டீச்சரும் பிள்ளைகளும் திறந்து பார்க்க வேண்டியதுதான். 'ஏன், டீச்சரே செய்யக் கூடாதா?' என்று கேட்கிறீர்களா? செய்தார்கள், 1987-லேயே!

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஆப்பிள் நிறுவனம் 'ஹைப்பர்கார்ட்' என்ற மென்பொருளை வெளியிட்டது. உருவாக்கியவர் பில் அட்கின்சன். மேக் கம்ப்யூட்டரில் படம் வரைய உதவிய 'மேக்பெயின்ட்' இவர் கைவண்ணம்தான்.

விஷயம் ரொம்ப எளிது. திரையில் தெரிவது ஓர் அட்டை. பல அட்டைகள் சேர்ந்தால் ஒரு கட்டு. அட்டையில் எழுதலாம், வரையலாம், ஒலி சேர்க்கலாம், பட்டன் வைக்கலாம். பட்டனைத் தட்டினால் இன்னோர் அட்டைக்குப் போகும். உதாரணத்துக்கு, இதயத்தின் படத்தை வரைந்து, ஒவ்வோர் அறையின் மீதும் ஒரு பட்டன் வைத்தால் போதும். பிள்ளை எந்த அறையைத் தட்டுகிறதோ, அதற்கான விளக்கம் வரும். அதற்கு எழுத வேண்டிய கட்டளையும் 'கோ டு நெக்ஸ்ட் கார்டு' என்கிற மாதிரி பேச்சு ஆங்கிலம்தான். டான் விங்க்ளர் என்பவர் வடிவமைத்த இந்த மொழிக்குப் பெயர் 'ஹைப்பர்டாக்'.

அட்கின்சன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: புதிதாக விற்கும் ஒவ்வொரு மேக்கிலும் இதை இலவசமாகத் தர வேண்டும். ஆப்பிளும் ஒப்புக்கொண்டது. மேக் விலை என்னவோ சாமானியருக்கு எட்டாத உயரம்தான். ஆனால், பள்ளியில் ஒரு மேக் இருந்தாலே, அங்கிருந்த ஆசிரியர் கையில் ஒரு பட்டறையே இருந்தது.

1989-ல் இசை அறிஞர் ராபர்ட் வின்டர், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு ஹைப்பர்கார்டில் ஒரு பாடம் செய்தார். சி.டி-யில் இசை ஓட ஓட, அந்த இடத்துக்கான விளக்கம் திரையில் வரும். 1993-ல் பல லட்சம் பிரதிகள் விற்ற 'மிஸ்ட்' விளையாட்டையும் மில்லர் சகோதரர்கள் இதில்தான் உருவாக்கினார்கள்.

அப்புறம் ஏன் காணாமல் போனது?

1990-களின் தொடக்கத்தில் ஹைப்பர்கார்ட், ஆப்பிளின் துணை நிறுவனமான கிளாரிஸின் கைக்குப் போனது. மேக்குடன் இலவசமாக வந்ததில், பிறர் செய்த கட்டுகளைப் பார்க்க மட்டுமே முடிந்தது. புதிதாக உருவாக்க வேண்டுமா? காசு கொடுத்து முழுப் பதிப்பை வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், ஹைப்பர்கார்டின் உயிர் போனது அங்கேதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இலவசப் பதிப்பில் ஒரு பெட்டியில் 'மேஜிக்' என்று டைப் செய்தால், பூட்டு திறந்து உருவாக்கும் வசதி முழுவதும் வந்துவிடும். ஆனால், இந்த மந்திரம் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

இன்னொரு பக்கம் இணையம் வளர்ந்தது. ஹைப்பர்கார்டின் அட்டைகளோ ஒரே கம்ப்யூட்டருக்குள்தான் ஒன்றையொன்று இணைத்துக்கொண்டன. ஊர் தாண்டி இணைக்கத் தோன்றவில்லையே என்று அட்கின்சனே பிற்பாடு வருந்தியிருக்கிறார். 1998-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. மேக்கின் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப அதை யாரும் மாற்றவுமில்லை. 2004-ல் விற்பனையே நின்றது.

பாவம், ஆசிரியர்கள்தான். மாலை நேரங்களில் உட்கார்ந்து அவர்கள் செய்த பாடங்களைப் புதிய கம்ப்யூட்டர்கள் திறக்க மறுத்தன. காகிதத்தில் எழுதிய பழைய நோட்ஸையாவது இன்றும் படிக்கலாம்!

2017-ல் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இணைய நூலகம் பழைய கட்டுகளைத் திரட்டி, பிரவுசரிலேயே ஓட வழிசெய்தது. அட்கின்சன் 2025 ஜூனில் காலமானார். அந்தக் கறுப்பு வெள்ளை அட்டைகளை இப்போதும் அங்கே போய்த் தட்டிப் பார்க்கலாம்.