ஆவாரையின் சொந்தபந்தம்

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள வறண்ட பூமிக்கென்றே அமைந்த செடி ஆவாரை. தோல் பதனிடப் பட்டையையும் பொங்கல் காப்புக்குப் பூவையும் கொடுத்த செடி இது. அடுத்த முறை கொத்து ஒடிக்கும்போது, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காதுமடல் போல அகன்ற பச்சைச் செதில்கள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் ‘காசியா ஆரிக்குலேட்டா’ என்று பெயரிட்டார்.

அதே காசியா பேரினத்தில்தான் கொன்றையும் இருந்தது. ஆவாரையைச் ‘சென்னா’ பேரினத்துக்கு தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் மாற்றிய நூல் 1832இல் வெளியானது. ஆனாலும் பழைய பெயர் லேசில் போகவில்லை. 1982இல் இர்வின், பார்னெபி என்ற ஆய்வாளர்கள் காசியாவை மூன்றாகப் பிரித்த பிறகே புதுப்பெயர் நிலைத்தது.

கொன்றையையும் ஆவாரையையும் பிரித்தறியும் அடையாளம் பூவுக்குள்ளேயே இருக்கிறது. கொன்றைப் பூவில் மூன்று மகரந்தத் தாள்கள் மட்டும் நீண்டு, வளைந்து நெளிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆவாரையில் அந்த நெளிவு கிடையாது. பத்துத் தாள்களில் மேலே உள்ள மூன்றும் மலடு. மற்றவற்றின் மகரந்தப் பைகள் வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே. பூவில் தேனும் இல்லை. பிறகு எதற்காக வண்டு வருகிறது? மகரந்தத்துக்காகத்தான். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை அதிரவைத்து ரீங்கரிக்கும். அந்த அதிர்வில் உப்புக் குடுவையைக் குலுக்கியதுபோல் துளைவழியே மகரந்தம் கொட்டும். கொஞ்சம் உணவாகும், உடம்பில் ஒட்டிய மிச்சம் அடுத்த பூவுக்குப் போகும். எத்தனை நுட்பமான ஏற்பாடு!

குடும்பம் என்று பார்த்தால் ஆவாரை அவரைக் குடும்பம். அதற்குள்ளும் 2017இல் பெரிய மாற்றம் வந்தது. மரபணு ஒப்பீட்டை வைத்துப் பல நாட்டு ஆய்வாளர்கள் துணைக் குடும்பங்களைத் திருத்தி அமைத்தார்கள். பஞ்சு உருண்டைபோல் பூக்கும் கருவேலமும் தொட்டாற்சிணுங்கியும் ஆவாரையின் துணைக் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் தரிசுகளை மூடிவரும் சீமைக் கருவேலமும் அந்த வகையில் இதற்கு உறவு. வேலியோரம் சீமைக் கருவேலத்தை வெட்டுகிறவர்கள் பக்கத்தில் நிற்கும் ஆவாரையை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும்.